பர்த்டே பார்ட்டிக்கு முழு க்ளாஸையும் கூப்பிடணுமா? எல்.கே.ஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை பெற்றோருக்கு ஒரு கம்ப்ளீட் கைடு!

குழந்தையின் பிறந்தநாள் நெருங்கும்போது வீட்டில் வரும் முதல் விவாதம் கேக் ஃப்ளேவர் பற்றியதாக இருக்காது. 'யாரையெல்லாம் கூப்பிடறது?' என்பதுதான். க்ளாஸில் 30 பிள்ளைகள் இருப்பார்கள். அதில் பாதிப் பேரின் அம்மாக்களோடு தினமும் ஸ்கூல் கேட்டில் பேசுவீர்கள். சிலரை முகம் மட்டும் தெரியும். இன்னும் சிலர் யாரென்றே தெரியாது. வீடோ டபுள் பெட்ரூம். பட்ஜெட்டோ அதைவிடச் சின்னது. 'தெரிஞ்சவங்களை மட்டும் கூப்பிட்டுக்கலாமே' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், நாம் விட்டுவிட்ட அந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் திங்கட்கிழமை அதே பெஞ்சில்தான் உட்காரப் போகிறார்கள். பார்ட்டியில் யார் பலூனை உடைத்தது, ரிட்டர்ன் கிஃப்ட்டில் என்ன இருந்தது என்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்கப் போகிறார்கள். நாலு வயதுக் குழந்தைக்கு பட்ஜெட் புரியாது, ஹால் சைஸ் புரியாது. 'என்னை மட்டும் கூப்பிடலை' என்பது மட்டும் நன்றாகவே புரியும்.

அப்படியென்றால் கட்டாயம் எல்லோரையும் கூப்பிட்டே ஆகணுமா? அவசியமில்லை. எப்போது கூப்பிடணும், முடியாவிட்டால் எப்படி யாரையும் நோகடிக்காமல் சின்னதாகப் பண்றது, முழு க்ளாஸும் வந்தால் எப்படிச் சமாளிக்கிறது... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் வரை போன இன்விடேஷன்

இது நம் ஊரின் பிரச்னை மட்டுமில்லை. 2008-ல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், 8 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பிறந்தநாள் இன்விடேஷனை வகுப்பில் வைத்துக் கொடுத்தான். இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஒருவன் தன் பார்ட்டிக்கு இவனைக் கூப்பிடவில்லை, இன்னொருவனோடு சண்டை என்பது காரணம். பள்ளி நிர்வாகம் எல்லா இன்விடேஷன்களையும் வாங்கி வைத்துக்கொண்டது. 'பள்ளிக்குள் வைத்துக் கொடுத்தால் பாகுபாடு இருக்கக் கூடாது' என்பது பள்ளியின் வாதம். கோபமான அப்பா, நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தார்.

யார் பக்கம் நியாயம் என்பதைவிட, நமக்கு முக்கியமான பாயின்ட் ஒன்று இதில் இருக்கிறது. வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்பது உங்கள் உரிமை. ஆனால், அந்த அழைப்பை வகுப்பறைக்குள் கொண்டுபோனால், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த விவியன் பேலி என்ற கிண்டர்கார்டன் ஆசிரியை, தன் வகுப்பில் ஒரே ஒரு விதியை எழுதிப் போட்டார். 'நீ விளையாட வரக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது' என்பதுதான் அந்த விதி. அந்த அனுபவத்தை 1992-ல் புத்தகமாகவும் எழுதினார். யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்ற பழக்கம் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். நம் வீட்டு பர்த்டே லிஸ்ட்டும் பிள்ளைக்கு அப்படி ஒரு பாடம்தான்.

ஒரே ரூல்: எல்லோரும்... இல்லையென்றால் ரொம்பக் கொஞ்சம் பேர்!

30 பேர் உள்ள க்ளாஸில் 5 பேரைக் கூப்பிட்டால் மீதி 25 பேர் யாரும் தனியாக இல்லை. 'அவனோட க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் மட்டும் போனாங்க' என்பதோடு முடிந்துவிடும். 30 பேரையும் கூப்பிட்டால் பிரச்னையே இல்லை. சிக்கல் நடுவில்தான். 24 பேரைக் கூப்பிட்டு 6 பேரை விட்டால், அந்த 6 பேரும் எண்ணி ஒதுக்கப்பட்டவர்களாகிவிடுவார்கள்.

அதனால் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பாதியைத் தாண்டுகிறது என்றால், எல்லோரையும் கூப்பிட்டுவிடுங்கள். முடியாது என்றால், ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழு க்ளாஸையும் கூப்பிடுவது எல்.கே.ஜி முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வரை அர்த்தமுள்ளது. இந்த வயதில் 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' வாரத்துக்கு ஒரு முறை மாறுவார். நீங்கள் லிஸ்ட் போட்ட அன்று எதிரியாக இருந்தவன், பார்ட்டி அன்று உயிர் நண்பனாக இருப்பான். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகளே தங்கள் நட்பைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிப்பார்கள். அப்போது சின்ன கேங்கோடு கொண்டாடுவதே அவர்களுக்கும் பிடிக்கும்.

லிஸ்ட்டில் விட்டுப்போவது யார்?

இதைக் கொஞ்சம் நேர்மையாகப் பேசிவிடலாம். நாலு வயதுக் குழந்தையின் பார்ட்டி லிஸ்ட்டைப் பெரும்பாலும் குழந்தை போடுவதில்லை, நாம்தான் போடுகிறோம். நம் அப்பார்ட்மென்ட், நம் மொழி, நம் வசதி, 'நம்ம ஆளுங்க' என்று நமக்கே தெரியாமல் ஒரு வடிகட்டி அதில் வேலை செய்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பு இடங்களில் 25 சதவிகிதம் நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளையின் அம்மா வேலையிலிருந்து நேராக வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறவராக இருக்கலாம். கேட்டில் நின்று அரட்டை அடிக்க அவருக்கு நேரமிருக்காது. க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்க மாட்டார். அதனாலேயே அவர் பிள்ளையின் பெயர் நமக்கு ஞாபகம் வராமல் போகும். பேச்சு தாமதமாக வரும் குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, ஓர் இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தை எல்லாம் இப்படித்தான் விட்டுப்போவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இன்விடேஷன் வருவதே அபூர்வம்.

லிஸ்ட்டை வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துப் போடாதீர்கள். க்ளாஸ் மிஸ்ஸிடம், 'எல்லாரையும் கூப்பிடலாம்னு இருக்கோம், பேர் மட்டும் சொல்றீங்களா மிஸ்?' என்று கேளுங்கள். போன் நம்பரைக் கேட்டு அவரைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம். பெயர் கிடைத்தால் போதும், கார்டு எழுதிவிடலாம்.

எத்தனை பேர் வருவாங்க? ஒரு ரஃப் கணக்கு

'30 பிள்ளைங்கதானே' என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 30 பேரைக் கூப்பிட்டு 20 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பிள்ளைகள் தனியாக வர முடியாது, அதனால் 20 பெரியவர்கள். தம்பி, தங்கை என ஒரு 8 பேர். ஆக 48. இதில் தாத்தா பாட்டி, அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா என உறவினர்களையும் சேர்த்தால் சின்ன கல்யாண மண்டபமே தேவைப்படும்.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பிறந்தநாள் அன்று காலையில் கோயில், வீட்டில் பாயசம், உறவினர்கள் என்று முடித்துக்கொள்ளலாம். அடுத்து வரும் ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கு மட்டும் பார்ட்டி.

செலவைக் குறைக்க இன்னொரு நல்ல வழி, ஜாயின்ட் பர்த்டே. ஒரே வகுப்பில் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அந்தப் பெற்றோர்களோடு பேசி, ஒரே நாளில் சேர்ந்து கொண்டாடினால் ஹால் வாடகை, சாப்பாடு, மேஜிக் ஷோ எல்லாம் பங்காகிவிடும். கேக் மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும். ஊதி அணைக்கும் உரிமையில் பிள்ளைகள் காம்ப்ரமைஸ் ஆக மாட்டார்கள்!

இடத்துக்கு ஸ்டார் ஹோட்டல் தேவையில்லை. அப்பார்ட்மென்ட் ஹால், தெருவில் தெரிந்தவர் வீட்டுக் காம்பவுண்டு, மொட்டைமாடி எதுவும் ஓகே. மொட்டைமாடி என்றால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பாருங்கள், படிக்கட்டு வாசலில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். தரைத்தளம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் சம்ப்பின் மூடி. சரியாக மூடியிருக்கிறதா, பிள்ளைகள் ஏறிக் குதித்தால் தாங்குமா என்று ஒரு முறை செக் பண்ணிவிடுங்கள்.

இன்விடேஷனை எப்படிக் கொடுக்கறது?

எல்லோரையும் கூப்பிடுவதாக இருந்தால், மிஸ்ஸின் அனுமதியோடு டயரியில் வைத்துக் கொடுக்கலாம். குரூப்பில் மெசேஜ் போடுவதும் ஓகே. ஆனால், குரூப்பில் இல்லாத பெற்றோருக்குக் கட்டாயம் கார்டு போக வேண்டும். ஐந்தாறு பேரை மட்டும் என்றால், வகுப்பறையும் வேண்டாம், குரூப்பும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாக போன் பண்ணுங்கள்.

முழு க்ளாஸுக்கும் இப்படி ஒரு மெசேஜ் போதும்:

'வணக்கம். வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணியிலேர்ந்து 6 மணி வரைக்கும் எங்க பாப்பாவோட பர்த்டே. க்ளாஸ்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களும் வரணும்னு ஆசைப்படறா. கூட ஒரு பெரியவங்க வாங்க. தம்பி, தங்கச்சி இருந்தா தாராளமா கூட்டிட்டு வரலாம். தயவுசெஞ்சு கிஃப்ட் எதுவும் வேண்டாம். பிள்ளைக்கு ஏதாவது சாப்பாடு ஒத்துக்காதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. வர்றீங்களான்னு வியாழக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா சாப்பாட்டுக்கு வசதியா இருக்கும்.'

தம்பி, தங்கை வரலாமா, பெரியவர் கூட இருக்கணுமா, எத்தனை மணிக்கு முடியும்... இந்த மூன்றையும் எழுதாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பதில் வராதவர்களுக்கு ஒரே ஒரு முறை போன் பண்ணுங்கள். 'வர முடியலைன்னாலும் பரவாயில்லை, ஒரு எண்ணிக்கைக்காகக் கேட்டேன்' என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடமில்லை.

கிஃப்ட்... இதுதான் பல பேரைத் தடுக்குது

எல்லோரையும் கூப்பிட்ட பிறகும் சிலர் வர மாட்டார்கள். 'வெறுங்கையோட எப்படிப் போறது?' என்பது முக்கியமான காரணம். மாதக் கடைசியில் ஒரு பொம்மை வாங்குவதே சில குடும்பங்களுக்கு பாரம். ஒரே மாதத்தில் மூன்று பர்த்டே வந்தால் நடுத்தர வீடுகளுக்குமே கஷ்டம்தான்.

அதனால் 'கிஃப்ட் வேண்டாம்' என்று எழுதினால் மட்டும் போதாது, அதை நிஜமாக்க வேண்டும். பரிசை அடுக்க மேடையில் டேபிள் போடாதீர்கள். யாராவது கொண்டுவந்தால் வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டாம். இல்லையென்றால் 'பிள்ளையே ஒரு படம் வரைஞ்சு எடுத்துட்டு வரட்டும்' என்று கேளுங்கள். ஒரு க்ரேயான் இருந்தால் எல்லாப் பிள்ளையும் கையில் எதையோ பிடித்துக்கொண்டு பெருமையாக வரலாம். அந்தப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினால் அதுவே டெக்கரேஷன்!

ரிட்டர்ன் கிஃப்ட்டும் போட்டியாக மாறிவிட்டது. அடுத்த மாதம் பர்த்டே வைக்கப்போகும் பெற்றோருக்கு நீங்கள் ரேட் ஃபிக்ஸ் பண்ணிவிடக் கூடாது. விதைப் பந்து, பம்பரம், சின்னக் கதைப் புத்தகம், க்ரேயான் பாக்கெட் என்று ஏதாவது ஒன்று போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். 'பையனுக்கு கார், பொண்ணுக்கு கிச்சன் செட்' வேண்டாமே!

சாப்பாடு: கேட்டுட்டுச் செய்யுங்க

முழு க்ளாஸ் என்றால் சைவம், அசைவம், ஹலால், முட்டை சாப்பிடாதவர்கள் எல்லோரும் இருப்பார்கள். சிம்பிள் தீர்வு, சைவ மெனு, முட்டை இல்லாத கேக். பொடி இட்லி, குழிப்பணியாரம், மினி சமோசா, எலுமிச்சை சாதம், வெட்டிய பழங்கள், எலுமிச்சை ஜூஸ். பிள்ளைகள் பார்ட்டியில் சாப்பிடுவதே கொஞ்சம்தான். ஒரு கிலோ கேக்கை 80 கிராம் துண்டுகளாக வெட்டினால் 12 பேருக்கு வரும். அதை வைத்து ஆர்டர் கொடுங்கள்.

அலர்ஜியை லேசாக எடுக்காதீர்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, எள், கோதுமை, மீன் போன்றவை சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. 'கொஞ்சமா குடுத்தா ஒண்ணும் ஆகாது' என்பது தவறு. கொஞ்சமே கூட சிலருக்கு ஆபத்தாகலாம். சட்னியில் வேர்க்கடலை, கேக்கில் பாதாம் என மறைந்திருப்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். உதடு, முகம் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு திராட்சை, முழுக் கடலை, பாப்கார்ன், கடினமான மிட்டாய் எல்லாம் தொண்டையில் சிக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிடணும், ஓடிக்கொண்டே சாப்பிடக் கூடாது என்பதை ரூலாக வையுங்கள்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்!

* ஸ்மோக் பிஸ்கட்: வாயிலிருந்து புகை வரவைக்கும் இதில் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். முழுதாக ஆவியாகாமல் உள்ளே போனால் வாய், உணவுக்குழாய், வயிறு எல்லாம் புண்ணாகிவிடும். 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை இதைப் பற்றி எச்சரித்தது.

* கலர் பஞ்சுமிட்டாய்: ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு இதற்குத் தடை விதித்தது. துணிக்குப் போடும் சாயம் அது.

* ஸ்னோ ஸ்ப்ரே: நுரையைத் தள்ளும் வாயு பல பிராண்டுகளில் எளிதில் தீப்பற்றக்கூடியது. பக்கத்திலேயே மெழுகுவத்தியும் எரியும். இரண்டும் சேரவே கூடாது.

* கேஸ் பலூன்: விலை குறைவு என்பதற்காக ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்புவதுண்டு. அது தீப்பற்றும். வாயால் அல்லது பம்பால் ஊதிய சாதாரண பலூன் போதும். உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

* பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்ட்ரா: ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் இந்தப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழகத்தில் தடை இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை, வீட்டு டம்ளர் பக்கம் போய்விடுங்கள்.

இரண்டு மணி நேரம் போதும்

இந்த வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்ட்டி தாங்காது. முதல் அரை மணி நேரம் வந்தவர்கள் செட்டில் ஆக, தரையில் பெரிய பேப்பர் விரித்து க்ரேயான் வையுங்கள். அடுத்த முக்கால் மணி நேரம் விளையாட்டு. பிறகு கேக், சாப்பாடு, கிளம்பும்போது ரிட்டர்ன் கிஃப்ட்.

'அவுட்' ஆகி ஓரமாக உட்காரவைக்கும் விளையாட்டுகளைத் தவிருங்கள். மியூசிக்கல் சேரில் முதலில் அவுட் ஆகும் குழந்தை கடைசி வரை வேடிக்கைதான் பார்க்கணும். அதையே மாற்றி விளையாடலாம். நாற்காலிகள் குறைந்துகொண்டே வரட்டும், ஆனால் யாரும் அவுட் இல்லை. மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்காரணும். சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்கும். கல்லா மண்ணா, கொலகொலயா முந்திரிக்கா போன்றவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு ஓர் அறையை அமைதியாக விட்டுவையுங்கள். மற்ற குழந்தைகளின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அவர்கள் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுல பார்ட்டியே வைக்க முடியாதா?

பரவாயில்லை. க்ளாஸிலேயே கொண்டாடலாம். சில பள்ளிகள் கேக்குக்கு அனுமதிப்பதில்லை, சில இடங்களில் சாக்லேட்டும் கூடாது. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் பொருளே இல்லாமல், வகுப்பு நூலகத்துக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுக்கலாம். முதல் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் பெயரை எழுதி, மிஸ் அதையே அன்று எல்லோருக்கும் படித்துக் காட்டினால், முழு க்ளாஸும் பார்ட்டிக்கு வந்த மாதிரிதான்.

ஐந்தாறு பேரோடு சின்னதாகக் கொண்டாடினால், உங்கள் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள். 'நம்ம வீடு சின்னது, அதனால கொஞ்சம் பேரைத்தான் கூப்பிட முடிஞ்சது. க்ளாஸ்ல இதைப் பத்திப் பேசினா மத்தவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்' என்று சொல்லுங்கள். ஐந்து வயதில் ரகசியம் காப்பாற்றுவது கஷ்டம்தான். ஆனாலும், அடுத்தவர் மனசைப் பற்றி யோசிக்க அது முதல் பயிற்சி.

வகுப்பில் ஒரு பிள்ளை உங்கள் குழந்தையை அடிக்கிறான், கடிக்கிறான் என்றால்? அவனை மட்டும் விட்டுவிட்டு 29 பேரைக் கூப்பிடுவது தீர்வாகாது. பார்ட்டிக்கு முன்பே மிஸ்ஸிடம் பேசுங்கள். அவன் அப்பாவோ அம்மாவோ கட்டாயம் கூட இருக்கும்படி அழையுங்கள். உங்கள் குழந்தை நிஜமாகவே பயப்படுகிறது என்றால், இந்த வருடம் சின்ன பார்ட்டிதான் சரி.

நம்ம பிள்ளையைக் கூப்பிடலையா?

இதுவும் நடக்கும். உடனே குரூப்பில் கேட்காதீர்கள். கார்டு டயரியில் இருந்து விழுந்திருக்கலாம், மெசேஜ் உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். இல்லை, நிஜமாகவே ஐந்து பேரோடு முடித்திருக்கலாம். பிள்ளை முன்னால், 'அவங்க எப்பவுமே இப்படித்தான்' என்று பேச வேண்டாம். 'உனக்குக் கஷ்டமா இருக்கா? அப்படித்தான்டா இருக்கும்' என்று மடியில் உட்காரவைத்துக் கேட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். அந்த ஞாயிறு சாயங்காலம் பீச்சுக்கோ பார்க்குக்கோ கூட்டிப்போங்கள்.

அடுத்து உங்கள் வீட்டு பர்த்டே வரும்போது, 'அவனை மட்டும் கூப்பிட வேண்டாம்' என்று குழந்தை சொன்னால், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

கடைசியா ஒரு செக்லிஸ்ட்

* மூன்று வாரம் முன்பு: எல்லோருமா, ஐந்தாறு பேரா என்று முடிவு. இடம் புக்கிங். ஜாயின்ட் பர்த்டேக்கு ஆள் இருக்கிறார்களா என்று விசாரிப்பது.
* இரண்டு வாரம் முன்பு: மிஸ்ஸிடம் பெயர் லிஸ்ட். கார்டு அல்லது போன்.
* ஒரு வாரம் முன்பு: வருபவர்கள் எண்ணிக்கை, அலர்ஜி விவரம், கேக் ஆர்டர்.
* முதல் நாள்: சம்ப் மூடி, மாடிக் கதவு, பிளக் பாயின்ட் செக்கிங். முதலுதவிப் பெட்டி.
* அன்று: வாசலில் ஒருவர், சாப்பாட்டுப் பக்கம் ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர். யாரோடும் சேராமல் ஓரமாக நிற்கும் குழந்தையைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவர ஒருவர். சித்தியோ மாமாவோ, இந்தக் கடைசி வேலையை வீட்டிலேயே ரொம்ப ஜாலியான ஆளிடம் கொடுங்கள்!